இரண்டு ஊதல்

டேட்டனில் பிப்ரவரி.
ஐஸ்கிரீம் கிடங்காக இருந்த அறையில் ஒலிப்பதிவு,
சுவரில் இன்னும் வெனிலா வாசம்.
ஒன்பது பேருக்கு நான்கு மைக்.
ஹீட்டர் ஒன்று. இரைகிறது என்று
அதையும் அணைத்துவிட்டார்கள்.

டிராம்போன்காரன் எனக்குக் கிடைத்தது
இரண்டே ஊதல்.
முப்பத்தோரு வட்டம் சும்மா நின்று
பாப்-பாப்.
மறுபடியும் முப்பத்தொன்று.

தனியாக எட்டு வட்டம் கொடேன் என்று கேட்டேன்.
வெர்லீன் பாஸ் கிதாரிலிருந்து தலை நிமிர்த்தவில்லை:
"உப்புக்கு யாராவது தனித்தட்டு வைப்பார்களா, கோர்டெல்?"

அவள் கட்டைவிரல் கம்பியில் இறங்கியது,
கடன் கேட்க வந்தவன் அல்ல
கொடுத்தவன் கதவைத் தட்டுவதுபோல.
அதுதான் முதல் அடி.
மற்ற மூன்றும் எப்படியோ போகட்டும்,
நொண்டட்டும், முக்குக்கடையில் சிகரெட் வாங்கட்டும்,
முதல் அடிக்கு எல்லோரும் வீட்டில் இருந்தாக வேண்டும்.

கிதார், குப்பை கிளறும் கோழி.
ரோஸ்கோவின் டிரம் பெடல் கிறீச்சிட்டது.
எண்ணெய் விட்டான். கிறீச் போனது,
கூடவே பாட்டின் இடுப்பும் போனது.
என் கைக்குட்டையால் எண்ணெயைத் துடைத்தெடுத்தோம்.

ஏழாவது முறை வாசிக்கையில்
எனக்கும் வியர்த்தது,
வாயில் பித்தளை வைக்காமலேயே.
சும்மா இருப்பது இத்தனை வேலை என்று
வார்ப்பாலையில் எட்டு மணி நேரம் நின்றபோதுகூடத்
தெரிந்ததில்லை.

பதினொன்றாவது முறை
கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.
மூச்சை இழுத்தேன். ஊதவில்லை.
வட்டம் என்னைத் தாண்டிப் போய்விட்டது.
வெர்லீன் சிரித்தாள், அதுவும் பதிவானது.
"இதுதான்," என்றாள். "சுருளைக் கழற்று."

இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு.
நடுவில் ஒரு பள்ளம்,
அதற்குள் ஒரு மனிதன் மூச்சிழுக்கும் சத்தம்.
உறையின் பின்னால் ஒன்பது பெயரில்
என் பெயரில் ஓர் எழுத்து தப்பு.

நேற்று சலவைக்கடை ரேடியோவில் அது வந்தது.
பச்சை நகம் பூசிய பெண் ஒருத்தி
போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.
பாட்டு அவளுக்குப் புதிது, தெரிந்தது.
ஆனாலும் பள்ளம் வருமுன்பே
இடுப்பு நின்றுவிட்டது,
போர்வையின் இரு முனையும் அந்தரத்தில்.
பிறகு முதல் அடி.
அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நான்தான் அது என்று சொல்லியிருக்கலாம்.
எதைக் காட்டிச் சொல்ல? ஊதாததையா?

என் சட்டைகள் காய்ந்துவிட்டிருந்தன.
இன்னொரு காசு போட்டேன்.