ஆறு மணிக்குள்

இலையைப் பறித்துவிட வேண்டும்,
வெயில் அதைத் தொடுவதற்குள்.
நுனியிலிருந்து அரைச் சாண் போதும் என்று சொன்னது
போச்சம்பள்ளி வேளாண்மை ஆபீசுக்குப் போன வருஷம் வந்து
இந்த வருஷம் மாற்றலாகிப் போன பெண்.

நான் அரசுப் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட்.
உருளைக்கிழங்கை நறுக்கி
அயோடின் சொட்டு விட்டு
அது நீலமாகும்போது பிள்ளைகள் 'ஹே' என்பார்கள்.
பதினோரு வருஷமாய் அதே ஹே.
இன்று அந்தப் பாட்டில் என் சட்டைப் பையில்,
நோட்டில் எழுதாமல் எடுத்தது.

பாரூர் ஏரிப் பாசனம். அறுபது செண்ட்.
நட்ட முப்பதாம் நாள்
கழனி நடுவில் ஒரு பாய் விரித்த அளவு மஞ்சள்.
யூரியா போடு என்றான் கடைக்காரன்.
போட்டேன்.
ஜிங்க் போடு என்றான்.
போட்டேன்.
பாய் பந்தலாயிற்று.
இப்போது மஞ்சள்கூட இல்லை,
பழுத்த பப்பாளித் தோலின் நிறம்.
சுற்றியுள்ள பயிர் முழங்காலுக்கு வந்தும்
இது கணுக்காலோடு நிற்கிறது,
ஃபெயிலாகி அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்
பையனைப் போல.

தட்டினால் பறக்கிறது பச்சைத் தத்துப்பூச்சி.
அரிசியில் பாதி நீளம்,
றெக்கை நுனியில் மை தொட்ட கறுப்பு.
அதற்கு ஒரு நோவும் இல்லை.
குடித்த இலையிலிருந்து
குடிக்கப் போகும் இலைக்கு
எதைக் கொண்டு போகிறதென்று அதற்கே தெரியாது.

எனக்கும் தெரியவில்லை,
ஆடியில் மிஞ்சின நாற்று பதினாறு முடி
சென்றாயன் கழனிக்குத் தூக்கிக் கொடுத்தபோது.
காசு நீட்டினான்.
'நாத்துக்கு எவனாச்சும் காசு வாங்குவானா' என்று
பெரிய மனுஷனாட்டம் பேசினேன்.

இரண்டு தம்ளர். கால் மணி நேரம்.
ஒன்றில் என் இலை.
மற்றதில்
வரப்பைத் தாண்டி, அக்கம்பக்கம் பார்த்துக் கிள்ளியது.

பகலெல்லாம் இலை மாவு சேர்க்கும்.
ராத்திரி அதைத் தண்டுக்கும் வேருக்கும் அனுப்பிவிட்டு
விடியும்போது வெறும் பையாக நிற்கும், நல்ல இலை.
நோய் கண்ட இலைக்கு அனுப்ப வழியில்லை.
சொசைட்டியில் நிற்கிற பால் பணம் மாதிரி,
கணக்கில் இருக்கும்,
கைக்கு வராது.

கழுவி, விரலால் நீவி, கிழக்கே பிடித்தேன்.
என் இலை முழுக்க நீலக் கோடுகள்,
நாலு வரி நோட்டு.
அவன் இலையில்
ஒன்றே ஒன்று. மெல்லியது.
என் நகக் கீறலோ என்று மறுபடி கழுவினேன்.
போகவில்லை.

'என்ன வாத்தியாரே, கழனியிலயே டீயா?'
வாயில் வேப்பங்குச்சியோடு சென்றாயன்.
நான் வாத்தியார் இல்லை என்று
அவனை எத்தனை முறை திருத்தியிருப்பேன்.
இன்று திருத்தவில்லை.
துங்ரோ என்றேன்.
'ஊர் பேராட்டம் இருக்கு' என்றான்.
வைரஸ், மருந்து கிடையாது, பூச்சிக்குத்தான் உண்டு என்றேன்.
நாற்றைப் பற்றிச் சொன்னபோது
தம்ளரைப் பார்த்துச் சொன்னேன்.

குச்சியைத் துப்பினான்.
வேட்டியை மடித்துக் கட்டினான்.
என் கழனிக்குள்தான் முதலில் இறங்கினான்.
'இங்கிருந்துதானே வருது' என்றான்,
கோபமா கணக்கா என்று புரியாத குரலில்.
பிடுங்கப் பிடுங்க
வேர் எதிர்ப்பே காட்டாமல் வந்தது.
குழி தோண்டி மிதித்து மூடினோம்.
வேறெதுவும் பேசவில்லை,
'உம் பாட்டிலு சாயுது பாரு' என்று
அவன் ஒருமுறை சொன்னதைத் தவிர.

ஒன்பதரைக்கு மணி.
பாட்டிலில் இரண்டு விரல் குறைந்ததை
யாரும் பார்க்கவில்லை.
நகக்கண்ணில் சேறு, சேற்றுக்கடியில் பழுப்புக் கறை.
ஏழாம் வகுப்புக்கு இன்று உருளைக்கிழங்கு.
சொட்டு விட்டேன்.

ஹே என்றார்கள்.