பாடு

பணகுடியில் பாடு என்றால்
அப்பாவின் கடன், மழை ஏமாற்றிய உளுந்து,
பெரியக்காள் புருஷன்.

கூடுதாழையில் வாழ்க்கைப்பட்ட பத்தாம் நாள்
வெள்ளி முளைத்த நேரம் கரையில் யாரோ கூவினார்:
"லேய் கஸ்பார், பாடு உண்டா?"
"நல்ல பாடு!"
சிரித்தபடி வள்ளத்திலிருந்து குதிக்கிறார் இவர்,
முழங்கால் தண்ணீரில்.
பைத்தியத்துக்குக் கட்டிவைத்தார்களோ என்று நின்றேன்.

வலையில் படுவதால் பாடு.
வாழ்க்கைப்படுவதும் அதே படுதான்,
அது அப்புறம் தெரிந்தது.
மணலில் கூறு கூறாய்ச் சாளை,
ஏலக்காரர் ஜெரோன் வாயில் எண்,
என் கையில் ஈரமான நூறு ரூபாய்.

தபசுகாலத்தில் சாமியார்
ஆண்டவரின் பாடுகள் என்று தொடங்கினார்.
பக்கத்தில் ரெஜினாள் அழுதாள்.
நான் சாளையை நினைத்துவிட்டேன், மன்னியும்.

ஆனியில் கச்சான் முறுக்கி எஞ்சின் நின்றது.
இரண்டு ராத்திரி.
மூன்றாம் நாள் மணப்பாட்டில் கரையொதுங்கி
ஐஸ் லாரியில் வந்தார்,
உதடு வெடித்து, செருப்பில்லாமல்.
வலை கடலோடு.

"பாடு?" என்றார் ஜெரோன், பழக்கத்தில்.
"பாடு இல்ல."

எங்கள் ஊர்க்காரி யாராவது
அதைக் கேட்டிருந்தால்
எவ்வளவு நிம்மதிப்பட்டிருப்பாள்.