ஒரே ஒரு முறை வருவது

மூன்றாம் வார்டில் இரவெல்லாம்
பச்சைக் கோடுகளோடுதான் இருக்கிறேன்.
ஆறாம் கட்டிலின் கோடு ஏறும், இறங்கும்,
மணி அடித்தால் ஓடுவேன்.
வீட்டில் எனக்கென்று ஒரு கோடு வேண்டும் என்றபோது
தவநாதன் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

எல்லாம் கீசரால் வந்தது.
நானே செய்த டைமர்.
லோட்ஷெடிங்கில் மின்சாரம் போனால் பொறுத்துக்கொள்ளும்,
திரும்பி வரும்போதுதான் புத்தி பேதலிக்கும்.
விடிகாலை என்று நினைத்துக்கொண்டு
மத்தியானம் மூன்று மணிக்குத்
தண்ணீரைக் கொதிக்க வைக்கும்.
"கடையில் டைமர் நானூறு ரேண்ட்."
தெரியும்.
"நீ கேட்கும் ஆசிலோஸ்கோப் ஆறாயிரம்."
அதுவும் தெரியும்.

சாட்ஸ்வர்த்திலிருந்து பைன்டவுனுக்குப் போனோம்.
சர்க்கரை ஆலை லேபை மூடியபோது
ஏலத்தில் எடுத்ததை
நீகெர்க் காரேஜில் வைத்திருந்தார்,
புல்வெட்டும் எந்திரத்துக்கும் நாய் உணவு மூட்டைக்கும் நடுவே.
இருபது கிலோ.
ஒவ்வொரு குமிழும் திருகினால் டக்கென்று பதில் சொன்னது.
திரையில் ஒரு பச்சை,
வார்டின் பச்சை இல்லை,
மழை விட்டதும் கரும்புத் தோகையில் தெரிகிற பச்சை.

ட்ரிகரைத் தொட்டார்.
ஓடிக்கொண்டிருந்த அலை நின்றது.
நின்றது என்று சொல்வது தப்பு.
ஒவ்வொரு அலையும் முந்தியதன் காலடித் தடத்திலேயே
மிதித்து நடந்தது.
நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேனாம்,
தவா பிறகு சொன்னான்.

சரியாக நான்கு மணி.
பைன்டவுன் மொத்தமும் அணைந்தது.
கோடு புள்ளியாகச் சுருங்கி, புள்ளியும் போனது.
"ஆயிரத்து எண்ணூறு," இருட்டுக்குள்ளிருந்து நீகெர்க்.
"ஒரு ப்ரோப் சும்மா தருகிறேன். கொக்கி உடைந்தது."
வாங்கு என்று தவா என் கையை அமுக்கினான்.

அந்த இருட்டில்தான் உறைத்தது.
திரும்பத் திரும்ப வருவதைத்தான் இது பிடித்து வைக்கும்.
என் திருடன் ஒரு முறைதான் வருகிறான்,
மின்சாரம் வாசலில் கால் வைக்கும் அந்த ஒரு கணம்,
இமைப்பில் கால்வாசி.
வேகமானவன் இல்லை, அபூர்வமானவன்.
நூறு மெகாஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்ய?
எனக்கு வேண்டியது ஞாபகம்.

போன வருஷம் மோகனாம்பாள் நாயுடுவுக்கு
ஒரு துடிப்பு தவறியது. நான் பார்த்தேன்.
டாக்டர் வந்தபோது எல்லாம் ஒழுங்கு.
காகிதச் சுருளை நீட்டிய பிறகுதான்
என்னை நம்பினார்.

கூரியரில் வந்தது சாம்பல் நிறப் பிளாஸ்டிக்.
ஐம்பது மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல்,
கொசு போல முனகும் விசிறி,
அழிரப்பர் மாதிரி பொத்தான்கள்.
அழகில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்டேஜ் ஆறு. இரவு இரண்டிலிருந்து நாலரை.
ஸ்கோப்பை இன்வெர்ட்டரில் கொடுத்தேன்,
ப்ரோப்பை ஐந்து வோல்ட் கோட்டில் மாட்டினேன்.
மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பிடி,
ஒரே ஒரு முறை பிடி, பிறகு விடாதே.
காத்திருக்கிறேன் என்று திரையின் மூலையில் எழுதிக்கொண்டது.
நான் தூங்கப் போனேன்.
எனக்குப் பதில் இன்னொருவர் விழித்திருக்கும் இரவு
எத்தனை வருஷம் கழித்து.

நாலரைக்குப் பக்கத்து வீட்டு டிலாமினியின் கேட் மோட்டார் கத்தியது.
ஃப்ரிட்ஜ் உலுக்கிக்கொண்டு எழுந்தது.
நான் எழவில்லை.

ஆறு மணிக்கு, கையில் தேநீர்,
கூரையில் குரங்குகளின் ஓட்டம்.
திரையில் மஞ்சள் கோடு:
நாலரை வோல்ட்டில் நேராக வந்து,
கிணற்றில் கல் விழுந்தது போல ஒன்று புள்ளி ஒன்பதுக்கு இறங்கி,
நாற்பது மில்லிசெகண்ட் அங்கேயே கிடந்து,
ஒன்றும் நடக்காத மாதிரி ஏறிப் போயிருந்தது.
ரிலே.
நான் பற்றவைத்த ரிலேதான்
விழித்ததும் வீட்டிலுள்ளதையெல்லாம் ஒரே வாயில் குடித்திருக்கிறது.

மருந்து ஒரு கெப்பாசிட்டர். ஏழு ரேண்ட்.
"ஆக, வெந்நீருக்கு ஆறாயிரத்து ஏழு,"
குளியலறையிலிருந்து தவா.
நுரையோடு தலையை நீட்டிக் கேட்கிறான்:
"சனிக்கிழமை பைன்டவுன் பக்கம் போக வேண்டுமா?"

வேண்டாம் என்றேன்.
இருபது கிலோவை எங்கே வைப்பது.
தையல் மேஜையை அளந்து பார்த்துவிட்டேன்,
நாலு விரற்கடை போதவில்லை.