தரை மாற்றும் இரவு

கெமி நகரத்து உள்ளரங்கில்
ஐஸ் ஹாக்கி முடிந்ததும்
எங்கள் ஆட்டம் தொடங்கும்.
பத்தே முக்காலுக்கு ஆறு பேர்.
பனித்தரை மேல் கறுப்புப் பலகை,
அதன்மேல் இருநூற்றுப் பன்னிரண்டு மரச்சதுரங்கள்.
எண் பிசகினால் விடிய விடியக் கழற்றி மாட்ட வேண்டும்.
நாற்பத்தேழை எழுபத்துநாலில் வைத்தவன் நான்.
ஹில்க்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

காலையில் கூடைப்பந்து.
வியாழன் ஒரு பாடகர்;
அவருக்கு மேடை வடக்கே பார்க்க வேண்டுமாம்.
வெள்ளி தேர்வு: நானூறு மேசை,
எங்கோ ஒரு பேனா உருளும் சத்தம்.

காகித ஆலையை மூடுகிறோம் என்று சொன்னதும் இங்கேதான்.
மாலையில் பூப்பந்து இருந்ததால்
வலையை நாங்கள் அவிழ்க்கவில்லை.
நிர்வாகம் அந்தப் பக்கம் நின்றது
ஆட்கள் இந்தப் பக்கம்.
யாரும் திட்டமிட்டதல்ல.

கூரை இரும்பு ஏதோ கப்பலுக்கு வாங்கி மிஞ்சியது என்பார்கள்.
ஏறி அளந்தவர் இல்லை.

மே மாதம் பனியை உருக்குவோம்.
வடியும் நீரில் அகப்படுபவை
ஹில்க்காவின் தீப்பெட்டிக்குப் போகும்:
ஒரு தோடு, மூன்று பற்கள்.
பல்லைத் தேடி எந்த வீரனும் வந்ததில்லை.

அப்புறம் அந்த இலையுதிர்காலம்.
எல்லையிலிருந்து பேருந்துகள்.
பனி போடாமல் கட்டில் போட்டோம்.
ஆட்டக்கோடுகள் வீட்டுச் சுவர்களாயின.
மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு குடும்பம்
செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு நுழையும்.

மூன்றாம் இரவு
மின்பணியாளர் எதையோ தொட, பலகை எரிந்தது:
கோத்தி 0. வியராஸ் 0.
என்ன அது என்றான் அய்ஹம், ஏழு வயது.
முதலாவது வீடு, என்றாள் ஹில்க்கா.
இரண்டாவது...
அவள் மொழியில் அந்நியனுக்கும் விருந்தாளிக்கும்
ஒரே சொல்.
எதைச் சொல்வதென்று தெரியாமல்
ஏணியைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள்,
கட்டுப்பாட்டு அறைக்குப் போய்
வியராஸுக்கு ஒரு கோல் போட்டாள்.
அவன் போட்ட கூச்சலில்
இருநூறு பேர் விழித்துக்கொண்டார்கள்.
மறுநாள் மேலாளர் அவளைத் திட்டினார்.

ஜனவரியில் பேருந்துகள் வேறெங்கோ போயின.
கட்டில்களை மடித்தோம்.
தொண்ணூறாம் சதுரத்தின் இடுக்கில்
அரிசியளவு வெள்ளையாய் ஒன்று. பால்பல்.
ஹில்க்கா தீப்பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.

பிறகு தொண்ணூற்றொன்றைத் தூக்கினோம்.
ஒன்பது மணிக்கு நாய்க் கண்காட்சி.