எழுபத்தொரு சோடி

பழைய கொம்பியூட்டரோடு இலவசமாக வந்தது
இந்தச் சீனத்து ஆமை.
மஹ்ஜோங் என்று பெயர் போட்டிருக்கிறது.
நூற்று நாற்பத்து நான்கு காய்களை
முதுகில் அடுக்கிக்கொண்டு
அசையாமல் கிடக்கும்.
ஒரே முகமுள்ள இரண்டைத் தேடித் தொட வேண்டும்.
தொட்டால்
டிங்.
இரண்டும் இல்லை.

சட்டம் சின்னது:
தலையில் எதுவும் இருக்கக் கூடாது,
ஒரு பக்கமாவது காற்று வாங்க வேண்டும்.
(அப்படி இருப்பவர்கள் இந்தப் பீல் நகரில்
எத்தனை பேர் என்று யோசித்ததுண்டு.)

பகல் முழுக்க நான்
கைக்கடிகாரக் கூடுகளை லென்ஸில் பார்ப்பவன்.
கீறல் இருந்தால் இடது தட்டு, இல்லாவிட்டால் வலது.
எட்டு மணித்தியாலம் குறை பார்த்த கண்ணுக்கு
இரவில், ஒத்துப்போகிற இரண்டைப் பார்க்க
ஆசை வருவது குற்றமா?
தமயந்திக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.

சீன எழுத்துத் தெரியாது.
காற்றுகள் நான்குக்கும் நானே பெயர் வைத்தேன்:
கொண்டல், கோடை, தென்றல், வாடை.
எது எதென்று உறுதியில்லை.
பீஸ் என்று இவர்கள் சொல்லும் குளிர்காற்று
சன்னல் இடுக்கைக் கீறிக்கொண்டு
ஏரியை நோக்கி ஓடுகிற இரவுகளில் மட்டும்
வாடையைச் சரியாகத் தொட்டேன் என்று ஒரு நினைப்பு.
பருவங்களும் நான்குதான். நம் கணக்கில் ஆறு.
முன்பனியையும் பின்பனியையும் எங்கே தொலைத்தார்களோ.
ஆனாலும் ஒரு தாராளம்:
எந்தப் பருவமும் எந்தப் பருவத்தோடும் சேரும்.

மார்ச்சில் ஒருநாள்
மதாம் ஜொபே கதவைத் தட்டினாள்.
மேல்வீடு. பஸ் ஓட்டுகிறவள்.
பதினொரு வருடத்தில் எங்களுக்கிடையே இருந்தது
உடுப்புத் தோய்க்கும் அறையின் முறைப்பட்டியல் மட்டும்:
செவ்வாய் அவள், புதன் நாங்கள்.

"டிங்" என்றாள், விரலால் காற்றைத் தொட்டு.
"இரவு ஒரு மணிக்கு. டிங். டிங்.
நான் நாலு மணிக்கு எழும்புகிறவள்."
எனக்கு அரைகுறை ஜெர்மன், அவளுக்குப் பிரெஞ்சு.
தெருவுக்கே இரண்டு பெயர் எழுதிவைத்திருக்கிற ஊரில்
இதை விளக்க ஒரு சொல் கிடைக்கவில்லை.
உள்ளே கூப்பிட்டு ஆமையைக் காட்டினேன்.
நின்றபடியே பார்த்தாள்.
பிறகு குனிந்து,
நான் அரைமணியாகத் தேடிய
குருவிக் காயைச் சுட்டினாள்.
டிங்.
சட்டென்று தன் கோபத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு
போய்விட்டாள்.

அடுத்த நாள் பத்துப் பிராங்குக்கு ஒரு ஹெட்போன் வாங்கினேன்.

ஏப்ரலில் ஓர் இரவு
தண்ணீர் குடிக்க அதைக் கழற்றினால்
முகட்டிலிருந்து
டிங்.

போய்த் தட்டிக் கேட்கலாம்.
தும்புத்தடியால் முகட்டை இடிக்கலாம்.
கட்டிலில் கிடந்து எண்ணத் தொடங்கினேன்.
முப்பதில் நிற்கும், நாற்பதில் நிற்கும்,
கதிரை இழுபடும்.
அவசரக்காரி. ஓரங்களை மேய்ந்துவிட்டு
உச்சியை மறந்துவிடுகிறாள்.

நேற்று நிற்கவில்லை.
அறுபது.
அறுபத்தைந்தில் எழும்பி உட்கார்ந்தேன்.
எழுபது.
கெட்டில் கொதித்து அடங்குகிற நேரத்துக்குப் பிறகு
எழுபத்தொன்று.
அதற்குமேல் ஒன்றுமில்லை.

அந்த இடம் எனக்குத் தெரியும்.
கடைசி இரண்டும் ஒரே முகம்,
ஒன்று மற்றதின் தலையில் உட்கார்ந்திருக்கும்.

மணி மூன்று ஐம்பது.
மேலே கதிரை அசையவில்லை.
இருட்டில் கொம்பியூட்டரை எழுப்பி
ஹெட்போன் வயரைப் பிடுங்கினேன்.
சத்தத்தை முழுக்கக் கூட்டினேன்.
புது ஆமையின் முதுகில்
முதலில் கண்ணில் பட்ட
இளவேனிலையும் கூதிரையும் தொட்டேன்.

இன்று புதன்.
தோய்க்கும் அறைச் சாவியை
எப்போதும் எங்கள் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுப் போவாள்.
இன்னும் மாட்டவில்லை.
படியில் சப்பாத்துச் சத்தம்
இறங்கி வந்து,
எங்கள் தளத்தில்
நிற்கிறது.