தள்ளப்பட்ட சட்டகம்

இவாலோவில் சூரியன் எழாமல் பன்னிரண்டு நாள்.
பனியள்ளும் வண்டியின் மூக்கில் ஒரு கேமரா.
ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கணினிப் பலகை.
நடுவில் நாலு மீட்டர்.
அந்த நாலு மீட்டருக்குத்தான்
எங்கள் மூன்று வாரச் சண்டை.

ஹில்க்கா இரட்டைக் கம்பியின் கட்சி.
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்;
வெளி இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் விழும்,
கழித்துப் பார்த்தால் காணாமல் போகும்.
தாளம் தட்ட மட்டும் தனியே ஒரு ஜோடி.
"எளிது. எத்தனை கைப்பேசிக்குள் ஓடுகிறது!" என்பாள்.

நான் மூன்று கம்பிக்காரன்.
தாளத்துக்கென்று ஆள் வைக்காத கச்சேரி அது.
ஒவ்வோர் அசையிலும் நிலை மாறியே தீரவேண்டும்,
அந்த மாற்றம்தான் தாளம்.
பதினாறு பிட் ஏழே அசையில் அடங்கும்.
"அதை அளந்து பார்க்க நம்மிடம் கருவி ஏது?"
இல்லைதான்.

இரண்டுமே தோற்றன.
சாண் நீளத்துக்குப் பிறந்தவை;
உப்புத் தூவும் மோட்டார் முனகியதும்
திரையெங்கும் இளஞ்சிவப்புக் கோடு.

யுஎஸ்பி போட்டோம். தெளிவான படம்,
நூற்றிருபது மில்லி நொடி பிந்தி.
ஓட்டுநர் ஓவ்லா விரல் மடக்கிக் கணக்கிட்டார்:
"அறுபதில் போனால் இரண்டு மீட்டர்.
ஒரு துருவமான், மூக்கிலிருந்து வால்வரை."

பிறகு கோஆக்ஸ் வடம், இருமுனையிலும் மாற்றுச் சில்லு.
மின்சாரம் போவதும் படம் வருவதும் ஒரே வழியில்.
விலை மூன்று மடங்கு.
முதல்முறையாக யாரும் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் இரவு
(பகலும் அதே நிறம்தான்)
ஓவ்லா பிரேக்கை மிதித்தார்.
எச்சரிக்கை மணி அடிக்கவில்லை.
மான் சாலையைக் கடந்து, நின்று, திரும்பிப் பார்த்துப் போயிற்று.
"காதுவெட்டு என் மைத்துனருடையது" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

நினைவகத்தைக் கிளறினோம்.
வரிசையாகப் பதினொரு சட்டகங்கள் தள்ளப்பட்டிருந்தன.
ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் ஒரு சரிபார்ப்பு எண்;
ஒரு வரி பொருந்தாவிட்டாலும் முழுப் படத்தையும் எறி,
அதுதான் விதி.
எழுதியவன் நான்.

ஆயிரத்தெண்பது வரியில் ஒன்று பழுது.
மீதி ஆயிரத்து எழுபத்தொன்பதிலும்
கொம்பு, கழுத்து, விளக்கொளி பட்ட இரு கண்.

ஹில்க்கா காப்பி ஊற்றினாள்.
இரண்டு கம்பியா மூன்றா என்ற பேச்சு
அன்று எழவில்லை.
நான் 'தள்ளு' என்ற சொல்லை அழித்தேன்.
அந்த இடத்தில்:
'ஐயம். ஆனாலும் காட்டு.'