வவுனியா யார்ட், பிற்பகல் இரண்டரை

புளியங்குளத்தில் மாடு அடிபட்டதாம்.
இரண்டு மணித்தியாலம் தாமதம் என்று
ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் மன்னிப்புக் கேட்டது,
தமிழில் கொஞ்சம் அவசரமாக.

கீர்த்திகன் கமராவோடு இறங்கிவிட்டான்.
ஸ்காபரோவில் பிறந்தவன், சித்தியின் மகன்,
கோச்சிப் பைத்தியம்.

பதினொரு பாதை எண்ணினேன்.
பன்னிரண்டாவதைப் புல் மூடியிருந்தது.
எண்ணெய்த் தாங்கிகள், கதவில்லாத சாமான் பெட்டி ஒன்று,
அதன் நிழலில் ஒரு நாயும் ஐந்து குட்டிகளும்.
"அக்கா, இந்த எஞ்சின் எங்கட ஒன்ராறியோவில செய்தது!"
சொந்தக்காரரைக் கண்டவன்போல்
அதன் விலாவைத் தட்டினான். சூடு. கையை உதறினான்.

பழைய சாமான் கொட்டில்தான் நூதனசாலை.
உள்ளூருக்கு ஐம்பது ரூபா, வெளிநாட்டுக்கு ஐந்நூறு.
"நீங்கள் எந்தப் பக்கம்?" என்றாள் ரிக்கற் கிழிப்பவள்.
அவன் ஐந்நூறைக் கொடுத்தான்,
முகம் கொஞ்சம் விழுந்துபோய்.

உள்ளே கைவிளக்கு, பித்தளை மணி,
யாரோ ஒரு கார்ட்டின் தொப்பி.
மூலையில் இரண்டு செங்கல்லின் மேல்
ஒரு முழ இரும்பு:
"தண்டவாளம், 1902. தொடாதீர்கள்."

எனக்குக் கோச்சியைத் தெரியாது.
இருபத்தைந்து வயதில்தான் முதல்முதல் கண்டேன்,
கிளிநொச்சிக்கு மாலை போட்டுக்கொண்டு வந்தது.
தண்டவாளத்தை அதற்கு முன்பே தெரியும்,
அடிப்பக்கமாக.

நாலு துண்டு, மேலே மண்மூட்டை.
சரித்து அடுக்கியதால்
புடைத்த எழுத்துகள் கீழே பார்த்தன.
மல்லாந்து கிடந்தால் மூக்குக்கு ஒரு சாண்.
விளக்கு ஏற்றக்கூடாது, விரலால் வாசித்தேன்.
ஒன்று. ஒன்பது. பூச்சியம்.
பிறகு வந்த இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது.
ஒருநாள் இரண்டு என்பேன், மறுநாள் ஏழு.
கிபிர் போய்முடியும்வரை அதுதான் என் வேலை.

தண்டவாளம் கிடக்கும், கோச்சி ஓடும்.
அப்படித்தான் எல்லா இடத்திலும்.
எங்களுடையது ஓடியது.
அக்கராயன், தர்மபுரம், விசுவமடு.
உழவுயந்திரப் பெட்டியில் அப்பா முதலில் அதைத்தான் ஏற்றுவார்,
நெல்லும் தையல் மெசினும் அதற்கு மேல்.
தேவிபுரத்தில் டீசல் முடிந்தது.
இரண்டைத் தூக்கினோம், இரண்டை விட்டோம்.
பிறகு
அந்த இரண்டையும்.

கீர்த்திகன் மணியைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.
ரிக்கற்காரி போனில் யாரிடமோ
கத்தரிக்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.
குந்தினேன். கண்ணை மூடினேன்.
ஒன்று.
ஒன்பது.
பூச்சியம்.
கடைசி இலக்கம் தெளிவாக இருந்தது: நாலு.

எங்களுடையது இல்லை.

வெளியே வரும்போது அவளிடம் சொன்னேன்,
"தங்கச்சி, பலகையில பிழை இருக்கு.
அது இரண்டில்லை, நாலு."
போனைக் காதிலிருந்து எடுத்தாள்.
"தொட்டனீங்களோ அக்கா?"

ஓம் என்றேன்.
விரலைக் காட்டினேன்.